கிணற்றுக்கும் ஒரு பேரேடு

(வடக்கனந்தல் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை புஸ்தகங்கள் வைக்கப்படுகின்றன என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. நாள்வழி உண்டு, பேரேடு உண்டு, பங்குப் பதிவேடு, கடன் பதிவேடு, ரசீதுப் புஸ்தகம், நடவடிக்கைப் புஸ்தகம் என்று அலமாரி நிறைய உண்டு. பத்து ரூபாய் வரவானாலும் தேதியும் கையொப்பமும் இன்றி எவரும் ஒப்புக்கொள்வதில்லை. வருஷத்துக்கொருமுறை தணிக்கையும் நடக்கிறது. ஆனால் அதே அங்கத்தினரும், அவருடைய மனைவி மக்களும், தினந்தோறும் வயிற்றுக்குள் செலுத்துகிற தண்ணீருக்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. கிணறு எப்பொழுது இறைத்துத் தூர்வாரப்பட்டது, மருந்து எப்பொழுது போடப்பட்டது, தண்ணீர் என்றைக்காவது சோதிக்கப்பட்டதா என்று கேட்டால், "போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா தெரியவில்லை" என்பதே விடையாக இருக்கும்.

இது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சிலர் நினைக்கக்கூடும். தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவை எடுத்து ஒவ்வொருவரிடமும் காரணம் விசாரித்தால், மழை பொய்த்தது, மாடு செத்தது, கலியாணச் செலவு வந்தது என்பவற்றோடு, "வீட்டில் சீக்கு" என்னும் பதிலும் தவறாமல் வரும். அந்தச் சீக்கில் பேதியும், சீதபேதியும், மஞ்சட்காமாலையும், விஷ ஜுரமும் எத்தனை என்று மேலும் கேட்டுப் பார்த்தால், சங்கத்தின் பணம் எந்த வழியாக ஒழுகிப்போகிறதென்பது விளங்கும். நோயால் குடியானவன் இழப்பது வைத்தியச் செலவு மட்டுமன்று. நடவு நாளில் ஒரு வாரம் படுத்தவன் அந்தப் போகத்தையே இழக்கிறான். தாய் படுத்தால் குழந்தைக்குச் சோறில்லை. குழந்தை படுத்துவிட்டாலோ அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

வடக்கனந்தலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. கல்வராயன் மலையிலிருந்து கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகள் இறங்கிக் கோமுகி அணையில் சேர்கின்றன. 1960-களில் கட்டப்பட்ட அந்த அணையின் நீர்மட்டம் 46 அடி. அதிலிருந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் பாய்ந்து ஏரி குளங்களுக்குப் போகும் ஜலம் ஒரு வழி. ஊர்க்கிணறும் வயற்கிணறும் மற்றொரு வழி. பாறையைத் துளைத்து இறக்கிய ஆழ்குழாய்க் கிணறு மூன்றாவது வழி. மேல்நிலைத் தொட்டியில் ஏறித் தெருக்குழாயில் வருவது பெரும்பாலும் இத்தகைய குழாய்க் கிணற்றின் நீரே. இம்மூன்றும் ஒரே மலையின் மழைதான் என்றாலும், மூன்றின் குணமும் ஒன்றன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய கெடுதி வெவ்வேறு, பரிகாரமும் வெவ்வேறு. இதைப் பிரித்தறியாமல், "மலைத் தண்ணீர், மருந்துத் தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டு திருப்தியடைவது ஆபத்து. மலையடிவாரத்தில் ஆடுமாடுகள் மேய்கின்றன. ஓடைக்கரையில் மனிதர் வெளிக்குப் போகின்றனர். முதல் மழையில் அவ்வளவும் ஓடையில் இறங்குகிறது.

முதலாவது, தெளிவு வேறு, சுத்தம் வேறு என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தமிழ்நாட்டார் அறிந்த பழைய உபாயம் தேற்றாங்கொட்டை. கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்து நீரை ஊற்றி வைத்தால், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண்ணணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கிவிடுகின்றன. முருங்கை விதைப் பொடியும் படிகாரமும் இவ்வேலையைச் செய்கின்றன. இது நல்ல முறையே. இதை விட்டுவிட வேண்டியதில்லை. மண்ணோடு ஒட்டிய கிருமிகளில் ஒரு பகுதியும் அடியில் இறங்குகிறது. ஆனால் எஞ்சிய கிருமிகளைத் தேற்றாங்கொட்டை கொல்லுவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் வாந்திபேதிக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.

அக்கிருமியைக் குடிநீரோடு சம்பந்தப்படுத்திக் காட்டியது இத்தேசத்துக் குளமொன்றே. ஜெர்மனி தேசத்து டாக்டர் ராபர்ட் காக் என்பவர் 1884-ல் கல்கத்தாவில் வாந்திபேதியை ஆராய்ந்தபோது, நோய் பரவிய ஒரு பகுதியில் ஜனங்கள் குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் உபயோகித்து வந்த குளத்து நீரிலேயே அக்கிருமியைக் கண்டார். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன், 1854-ல், லண்டன் நகரில் டாக்டர் ஜான் ஸ்நோ என்பவர், கிருமியைக் காணாமலே, இறந்தவர்களின் வீடுகளை வரிசையாகக் குறித்து, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயின் நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். அவர் கையிலிருந்தது பூதக்கண்ணாடியன்று, ஒரு ஜாபிதா. யார், எந்தத் தெரு, எந்தத் தண்ணீர், எந்தத் தேதி என்ற நான்கு கேள்விக்கு விடை எழுதியதே அவருடைய ஆராய்ச்சி. சங்கக் காரியதரிசி ஒருவர் செய்யக்கூடாத காரியம் இதில் ஒன்றுமில்லை.

வடிகட்டுவதன் பலனை அறிய வேண்டுமானால் ஹாம்பர்க் பட்டணத்தின் கதையைக் கேட்கலாம். 1892-ல் அங்கே வாந்திபேதி கண்டு 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அதை ஒட்டியே அல்டோனா என்று மற்றொரு பட்டணம். இரண்டும் எல்பு நதித் தண்ணீரையே குடித்தன. அல்டோனாவோ நதியில் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு, தண்ணீர் எடுத்தது. ஆயினும் அல்டோனா பெரும்பாலும் தப்பியது. காரணம், அது தண்ணீரை மணற்படுகையில் மெல்ல வடியவிட்டுக் கொடுத்தது. ஹாம்பர்க் வடிகட்டாமல் கொடுத்தது. ஒரு தெருவின் இருபுறமும் இரண்டு விதியாக முடிந்ததற்கு ஒரு மணற்படுகைதான் வித்தியாசம். சென்னைப் பட்டணத்திலும் 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் இவ்வித மணல் வடிகட்டிகள் ஏற்பட்டன.

இனி, முதியவர்கள் சிலருக்கு ஞாபகமிருக்கக்கூடிய ஒரு வியாதி: நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளமெழும்பி உடைந்து, அதிலிருந்து இரண்டு மூன்றடி நீளமுள்ள வெள்ளைப் புழு தலைகாட்டும். அதை ஒரு குச்சியிற் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். விதைப்புக் காலத்தில் ஒரு குடும்பமே படுத்துவிடுவதுண்டு. இதற்குக் காரணம் படிக்கிணறு. புழுவுள்ள கால் தண்ணீரில் இறங்கியவுடன் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் வெளிப்படுகின்றன. அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீர்ப்பூச்சி விழுங்குகிறது. அப்பூச்சியுள்ள நீரை மனிதன் குடிக்கிறான். ஏறத்தாழ ஒரு வருஷம் சென்று புழு வெளிவருகிறது. குடித்த நாளுக்கும் கொப்புளத்துக்கும் நடுவில் ஒரு வருஷம் கழிந்துவிடுவதால், தண்ணீர்தான் காரணமென்று ஜனங்கள் நம்பவில்லை, தெய்வக் குற்றமென்றனர்.

இவ்வியாதிக்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. ஆயினும் அது ஒழிந்தது. படிகளை அடைத்து இறைகிணறாக்குதல், தண்ணீரைத் துணியில் வடிகட்டுதல், பூச்சியைக் கொல்லும் மருந்தைக் கிணற்றிலிடுதல், நோயாளியைத் தண்ணீரில் இறங்கவிடாமை, ஒவ்வொரு கிராமத்திலும் நோயாளிகளைத் தேடிப் பதிவு செய்தல் என்னும் ஐந்து காரியங்களால் ஒழிந்தது. தமிழ்நாடு முன்னரே விடுபட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் வருஷத்தில் இந்தியா நரம்புச் சிலந்தியற்ற தேசமென்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. இவ்வைந்தில் துணியில் வடிகட்டுதல் என்பது எவ்வளவு எளியதாகத் தோன்றினும் இகழத்தக்கதன்று. வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து ஆற்று நீரை வடிகட்டச் செய்தபோது, வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பழைய புடவையே நல்லது. நூல் பஞ்செழும்பிக் கண்கள் சிறுத்திருக்கும்.

இதுவரை சொன்னவை ஏரி, குளம், திறந்த கிணறு ஆகியவற்றுக்குரிய கெடுதிகள். "ஆழ்குழாய்க் கிணற்றில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே" என்று கேட்பவர்களுண்டு. பெரும்பாலும் உண்மை, ஆழத்து நீரில் கிருமி குறைவு. ஆனால் அங்கே வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் ஃபுளோரைடு.

பாறையில் உள்ள சில தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு நீரில் கரைகிறது. நீர் பாறையிடுக்கில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு அதிகமாகக் கரையும். கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது; மிஞ்சினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது; இன்னும் மிஞ்சிப் பல வருஷம் குடித்தால் எலும்பு தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து நிமிரமுடியாமற் போகிறது. இந்தியாவில் இது முதன்முதல் தெளிவாக விளங்கியது பழைய சென்னை மாகாணத்திலேயே. நெல்லூர் ஜில்லாவில் உழவு மாடுகள் மூட்டுப் பிடித்து நடக்கமாட்டாமற் போனதைக் குடியானவர்கள் முதலிற் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு மனிதர்களும் அவ்வாறானார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் விசாரித்து, கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடே காரணமென்று 1937-ல் வெளியிட்டார்கள். மாட்டின் காலைக் கவனித்த குடியானவனுக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்குண்டு.

இதற்காக நெல்லூர் வரையில் போகவேண்டியதில்லை. கல்வராயன் மலைக்கு மேற்கேயுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தபடியால், ஒகேனக்கல்லில் காவேரி நீரை எடுத்து அந்த ஜில்லாக்களுக்குக் கொடுக்கும் பெரிய கூட்டுக்குடிநீர்த் திட்டமே போடவேண்டியதாயிற்று. அது 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு நோய்த் தடுப்பு என்னும் வார்த்தைகள் இருக்கின்றன. கோமுகி வட்டாரத்துப் பூமியும் கடினப் பாறைப் பூமியே. ஆகையால் இங்கே ஒவ்வொரு குழாய்க் கிணற்றிலும் ஃபுளோரைடு இருக்கிறதென்று பயப்படுவதும் தவறு, இல்லையென்று தைரியமாக இருப்பதும் தவறு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு மாறும். சோதித்தாலொழியத் தெரியாது. இந்திய நியமப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் இருக்கலாம்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரையில் சகிக்கலாம், அதற்குமேல் கூடாது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடுமென்ற எண்ணம் ஜனங்களிடத்தில் பலமாக இருக்கிறது. கிருமிக்கு அது முற்றும் சரி. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஃபுளோரைடுக்கோ உப்புக்கோ அது பயனில்லை. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுகிறதேயொழியக் குறைவதில்லை.

நல்லது செய்யப்போய்ச் சோதிக்காமல் விட்டதால் நேர்ந்த பெருந்துன்பத்துக்கு வங்காள தேசமே சாட்சி. குளத்து நீரால் பேதி கண்டு குழந்தைகள் சாகின்றன என்று, 1970-கள் முதல் அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. பேதி குறைந்தது, யாவரும் மகிழ்ந்தனர். அந்த நீரில் பாஷாணம் கரைந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. 1993-ல்தான் அங்கே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கான ஜனங்கள் அதைக் குடித்திருந்தனர். பிற்பாடு கிணறு கிணறாகச் சோதித்து, கெட்ட குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் பூசினார்கள். அந்த வர்ணம் பூசும் வேலையை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம்.

மற்றொரு கெடுதி வயலிலிருந்து வருவது. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் இவ்வட்டாரத்தில் கரும்பு அதிகம். கரும்புக்கு யூரியாவும் அதிகம். பயிர் உண்டது போக மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, பாய்ச்சும் நீரோடு பூமிக்குள் இறங்கிக் கிணற்றை அடைகிறது. எருக்குழியிலிருந்தும் கக்கூஸ் குழியிலிருந்தும் அப்படியே. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருந்தால், அந்நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு இரத்தம் பிராண வாயுவை ஏற்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவில் அயோவா என்னும் விவசாய நாட்டில் கிணற்று நீரால் இது நேர்ந்ததை 1945-ல் ஒரு வைத்தியர் எழுதினார். உரக்கடன் கொடுப்பதும் சங்கமே. ஆகவே உரத்தின் இந்த மறுபக்கத்தையும் அங்கத்தினர் அறிந்திருப்பது முறை. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு உரத்தைப் பிரித்துப் பிரித்து இடுவதால் பணமும் மிச்சம், கிணறும் மிச்சம்.

சோதனை என்றதும் அது படித்த சாஸ்திரிகளின் காரியமென்று ஒதுங்க வேண்டியதில்லை. கிருமிச் சோதனைக்கு ஒரு சிறு புட்டி இருக்கிறது. அதனுள் மருந்து ஊறவைத்து உலர்த்திய காகிதம் இருக்கும். கோடு போட்ட மட்டம் வரையில் தண்ணீர் விட்டு மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருந்தால், மலத்தோடு சேர்ந்த கிருமிகள் இருக்கும்பட்சத்தில் நீர் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் நல்லதென்று கொள்ளலாம். இம்முறை 1982-ல் இந்திய விஞ்ஞானிகளால் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு அயல்நாடுகளிலும் பரவியது. எழுதப்படிக்கத் தெரியாதவரும் வெளுப்பையும் கறுப்பையும் அறிவார். ஃபுளோரைடு, நைட்ரேட்டு, குளோரைடு, கடினத்தன்மை, இரும்பு முதலியவற்றைப் பார்க்கச் சொட்டு மருந்தும் வர்ண அட்டையும் அடங்கிய பெட்டி கிடைக்கிறது. 2019-ல் ஏற்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களைப் பழக்கி இந்தப் பெட்டியை அவர்கள் கையிற் கொடுக்கவேண்டுமென்று ஏற்பாடு. இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. தண்ணீர் எடுப்பவள் பெண். ருசி மாறினால் முதலில் அறிபவளும் அவளே. பருப்பு வேகாவிட்டால் கிணற்றைச் சந்தேகிப்பவளும் அவளே. சுற்றுக் கிராமங்களில் அந்த ஐந்து பேர் யார் யார், பெட்டியில் மருந்து தீர்ந்துவிட்டதா என்று அங்கத்தினர் விசாரிக்கலாம். பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடாது. பெட்டியில் சந்தேகப்பட்டது எதுவோ அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு முன்பே கண்ணாற் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியவையும் பல. கிணற்றுக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளமிட்டு, சிந்திய நீர் வெளியே ஓடச் சரிவும் வாய்க்காலும் உண்டா? உட்சுவர் மேலிருந்து இருபதடி வரையில் கசிவில்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா? கக்கூஸ் குழி, எருக்குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவை ஐம்பதடிக்கு அப்பால் இருக்கின்றனவா? அவரவர் வீட்டுக் கயிறும் வாளியும் உள்ளே இறங்குகின்றனவா, பொதுவாக ஒரே வாளி கட்டப்பட்டிருக்கிறதா? கைக்குழாய்ப் பம்பின் அடித்தளம் வெடித்திருந்தால், அந்த வெடிப்பின் வழியே சேற்று நீர் நேரே உள்ளே போகும். இதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம்.

கிணற்றுக்கு மருந்திடுவதில் இந்நாட்டார்க்கு நீண்ட பழக்கமுண்டு. ஆக்ராவிலிருந்த ஹான்கின் என்னும் விஞ்ஞானி 1890-களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கிணறுகளிலிடும் முறையைப் பரப்பினார். தண்ணீர் சிவந்துபோவதைக் கண்டு ஜனங்கள் மிரண்டதும் உண்டு. அந்தச் சிவப்பு மருந்தின் சக்தி போதாதென்று கண்டு, பிறகு பிளீச்சிங் பவுடரையே யாவரும் கைக்கொண்டனர். இதைக் கிணற்றுக்குள் கையால் விசிறிவிட்டுப் போவது பயனற்ற வேலை. முறை வருமாறு: வட்டக் கிணறானால் வாயின் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுக்க வேண்டும். பத்தடிக் கிணற்றில் பன்னிரண்டடி நீர் இருந்தால் 942 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் வீதம் 26,000 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் ஏறத்தாழ 66 கிராம் நல்ல பவுடர் வேண்டும். அதை வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை மாத்திரம் வேறு வாளிக்கு மாற்றி, அவ்வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். சுண்ணாம்பைக் கிணற்றிலிட்டால் நீர் கடினமாகும். இரவில் இட்டு விடியற்காலையில் நீர் எடுப்பது உத்தமம். குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பவுடர் மூட்டையைத் திறந்து வைத்திருந்தால் வீரியம் பறந்துவிடும். மணமில்லாத பழைய பவுடரை இட்டுவிட்டு, "மருந்து போட்டாயிற்று" என்று எழுதுவது பொய்க்கணக்கு.

மேல்நிலைத் தொட்டிக்கும் இதுவே. ஆனால் தொட்டியில் மருந்திட்டது போதாது; கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டிவிடும். முதல் குழாயில் நிறம் கண்டு கடைசிக் குழாயில் காணாவிட்டால், நடுவில் எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கடைசிக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறதென்று சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரிந்தது. அந்த அக்கிரமத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க இடமில்லை. தொட்டிக்கு மூடியும் பூட்டும் வேண்டும், சாவி யாரிடம் என்று எழுதியிருக்க வேண்டும், எல்லாத் தெருத் தொட்டியும் ஒரே நாளில் ஒரே கையால் சோதிக்கப்பட வேண்டும் என்பதை மாத்திரம் சொல்லாமல் விடுவதற்கில்லை. பங்குத்தொகை செலுத்தியவர் எந்தத் தெருவாரானாலும் சங்கத்தில் ஓர் ஓட்டு உடையவர். தண்ணீர்க் கணக்கில் அதற்குக் குறைவான நியாயம் இருக்கலாகாது.

சங்கங்கள் இவ்வேலையை ஏற்பது புதிதன்று. வங்காளத்தில் டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜி என்பவர் மலேரியாவை ஒழிக்கவே கூட்டுறவுச் சங்கங்களை ஸ்தாபித்தார். கிராமத்தார் சந்தா போட்டுக் குட்டை தூர்த்து, புதர் வெட்டி, வைத்தியரையும் அமர்த்திக்கொண்டார்கள். வடக்கனந்தல் வட்டாரத்தில் அவ்வளவுகூட வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு கிணற்றுக்கும், பம்புக்கும், தொட்டிக்கும் இரண்டு பக்கம். இடப்புறத்தில் அதன் இடம், ஆழம், கட்டிய வருஷம், சுற்றுப்புறக் குறைகள். வலப்புறத்தில் தேதிவாரியாகச் சோதனை, மருந்து, பழுது, செலவு. எதிர்ப்பக்கத்தில் அந்த மாதம் அந்தத் தெருவில் பேதி கண்ட வீடுகளின் எண்ணிக்கை. இரண்டு வருஷம் ஒழுங்காக எழுதினால், எந்தக் கிணற்றில் பணம் செலவழிப்பது, எதைக் குடிநீருக்கு விலக்கித் துணி துவைக்கவும் மாட்டுக்கும் விடுவது என்பது பஞ்சாயத்தாருக்குச் சச்சரவின்றி விளங்கும். ஃபுளோரைடு மிகுந்த குழாய்க்குச் சிவப்புப் பூச அதிகச் செலவில்லை. ஒரு டப்பா வர்ணம்.

சோதனைக்குரிய காலம் இரண்டு. கோடை முடிவில், நீர் வற்றி உப்பெல்லாம் திரண்டு நிற்கையில் இரசாயனச் சோதனை. ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் இறங்கிய ஒரு வாரத்துக்குள் கிருமிச் சோதனை. கோமுகியில் புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டவுடனேயே புட்டிகளைத் தயார் செய்துகொள்வது நலம்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் தண்ணீரை எடுப்பதில் கவனம் வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்தார் கொடுக்கும் புட்டியையே உபயோகிக்க வேண்டும். அதை முன்கூட்டித் திறக்கவோ, கழுவவோ கூடாது. குழாயானால் அதன் வாயைத் துடைத்து, சில நிமிஷம் நீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். விரல் புட்டியின் வாயிற் படலாகாது. சற்று இடைவெளி விட்டு மூட வேண்டும். எடுத்ததை வெயிலில் வையாமல், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே, தவறினால் 24 மணி நேரத்துக்குள், சேர்ப்பிக்க வேண்டும். இரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டி ஒரு லிட்டர் போதும். அதே தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசி விளிம்பு வரையில் நிரப்பலாம். புட்டியின்மேல் கிணற்றின் பெயர், தெரு, தேதி, எடுத்த மணி, எடுத்தவர் கையொப்பம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், பதில் வரும்போது அது எந்தக் கிணற்றைப் பற்றியது என்று தெரியாமல், பேரேட்டில் பதியவும் இடமில்லாமற் போகும்.